கடவுளுக்கு இயேசுவைத்தான் ரொம்பப் பிடிக்குமா?

கேள்வி: ஃபாதர், எங்களுக்கு ஒரே மகள், வயது 9. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது முறைப்படி தத்தெடுத்தோம். நாங்கள் மறைத்ததில்லை, அவளுக்கும் தெரியும். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், "இயேசு ஒருவர்தான் கடவுளுடைய சொந்த மகன், நாமெல்லாம் தத்துப் பிள்ளைகள்" என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த பையன் "இவளை மாதிரியா டீச்சர்?" என்று கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று இரவு படுக்கும்போது கேட்டாள்: "அம்மா, அப்போ கடவுளுக்கு இயேசுவைத்தான் ரொம்பப் பிடிக்குமா?" எனக்குப் பதில் வரவில்லை. போன மாதம் கீழ் வீட்டு இஸ்லாமியத் தோழி, "கடவுளுக்கு எப்படி மகன் இருக்க முடியும்?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டபோதும் இப்படித்தான் விழித்தேன். தினமும் செபத்தில் சொல்கிற வார்த்தைக்குப் பொருள் தெரியாமல் இருந்திருக்கிறேன். என் மகளுக்கு என்ன சொல்லட்டும்? (ஒரு தாய், கோவை)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளுக்கான பதில். இன்று இரவே சொல்லலாம்: "கடவுளுக்கு இயேசுவை எவ்வளவு பிடிக்குமோ, அதே அளவு உன்னையும் பிடிக்கும்." பிள்ளையைச் சமாதானப்படுத்த நான் இட்டுக்கட்டியது இல்லை இது. பாடுபடுவதற்கு முந்தின இரவு, சீடர்களுக்காகவும் அவர்கள் வழியாக நம்பப்போகிறவர்களுக்காகவும் இயேசு தந்தையிடம் செபித்தபோது, "நீர் என்மீது அன்பு கொண்டிருப்பது போலவே அவர்கள் மீதும் அன்பு கொண்டிருக்கிறீர்" என்றார். யோவான் 17ஆம் அதிகாரம், 23ஆம் வசனம். அந்தப் 'போலவே' என்ற ஒரு சொல்லில் உங்கள் மகளின் கேள்விக்கு முழு விடையும் இருக்கிறது. யாருக்கு அதிகம் பிடிக்கும் என்று அளந்தால், சொந்த மகனே தன் தட்டையும் நம் தட்டையும் சமமாக வைத்துவிட்டார்.

ஆனால் இதைச் சொல்லும்போது உங்களுக்கே அது உறைத்திருக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன். குருமடத்தில் புதிய ஏற்பாடு கற்பிப்பவன் நான். 'இறைமகன்' என்ற ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறேன். உங்கள் மகள் கேட்ட மாதிரி ஒரு மாணவர்கூட இதுவரை கேட்டதில்லை.

உங்கள் தோழியின் கேள்வியிலிருந்து தொடங்குவோம். திருக்குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் இறைவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்கிறது. உங்கள் தோழி அந்த நம்பிக்கையிலிருந்து கேட்கிறார், நியாயமான கேள்வி. கடவுள் ஒரு துணையைச் சேர்ந்து பிள்ளை பெற்றார் என்றுதான் நாம் நம்புகிறோம் என்று அவர் நினைத்திருந்தால், "அதை நாங்களும் நம்பவில்லை" என்பதே முதல் பதில். கடவுளுக்கு உடல் இல்லை. மரியாவிடம் வானதூதர் சொன்னதிலும் அப்படி எதுவும் இல்லை. தூய ஆவி உம்மீது வரும், உன்னதரின் வல்லமை உம்மேல் நிழலிடும் என்கிறார். இஸ்ரயேல் மக்கள் பாலைவனத்தில் நடந்தபோது சந்திப்புக் கூடாரத்தின்மேல் மேகம் தங்கியதே, அந்த நிழலைத்தான் லூக்கா நினைவூட்டுகிறார். டிசம்பர் 20 திருப்பலியில் அந்த நற்செய்தி வரும், கவனித்துக் கேளுங்கள்.

அப்படியானால் ஏன் 'மகன்' என்கிறோம்? அந்தச் சொல் விவிலியத்தில் பல படிகள் ஏறி வந்திருக்கிறது. பார்வோனிடம் போய் "இஸ்ரயேல் என் மகன், என் தலைப்பிள்ளை" என்று சொல்லும்படி மோசேயைக் கடவுள் அனுப்புகிறார். அங்கே ஒரு முழு இனமே மகன். பிறகு நாத்தான் இறைவாக்கினர் வழியாகத் தாவீதுக்கு ஒரு வாக்குறுதி வருகிறது. அவர் வழிமரபில் வரும் அரசரைப் பற்றி "நான் அவனுக்குத் தந்தையாக இருப்பேன், அவன் எனக்கு மகனாக இருப்பான்" என்கிறார் கடவுள். அங்கே அரியணையில் அமரும் அரசர் மகன். பிறப்பை நினைத்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. உரிமை, பொறுப்பு, நெருக்கம் எல்லாம் அந்தச் சொல்லில் அடக்கம். நாமும் 'மண்ணின் மைந்தன்' என்கிறோம். மண்ணை யார் மணந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லையே.

இயேசுவிடம் வரும்போது இந்தச் சொல் இன்னும் ஆழமான இடத்துக்குப் போகிறது. இஸ்ரயேலும் தாவீதின் அரசரும் ஒரு நாளில் மகனாக ஆக்கப்பட்டவர்கள். இயேசுவோ எப்போதும் மகனாகவே பேசுகிறார். கெத்சமனியில் வியர்த்து நின்றபோது "அப்பா" என்று அழைத்தார். மாற்கு அந்த அரமேயச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் 'தந்தையே' என்ற பொருளையும் சேர்த்திருக்கிறார். தமிழ் அப்பாவும் அரமேய அப்பாவும் உறவில்லாத சொற்கள்தான். ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வசனத்தைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படுவதில்லை. இது நமக்குக் கிடைத்த கொடை என்றே நினைக்கிறேன்.

இந்த வேறுபாட்டைச் சொல்லால் பிடிக்கத் திருச்சபை மிகவும் பாடுபட்டது. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற குரு, "தந்தை என்றால் முதலில் இருப்பவர், மகன் என்றால் பிறகு வருபவர், ஆகவே மகன் இல்லாத ஒரு நிலை இருந்தது, அவரும் படைக்கப்பட்டவரே" என்று கற்பித்தார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும், அதனால் பலர் பின்னால் போனார்கள். 325ஆம் ஆண்டு நைசியாவில், இன்றைய துருக்கியின் இஸ்னிக் ஊரில், ஆயர்கள் கூடி அதை மறுத்தார்கள். அங்கே பிறந்த வரிகள்தான் நாம் ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்பவை: கடவுளினின்று கடவுள், ஒளியினின்று ஒளி, உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்.

'உதித்தவர்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். இதைத் தமிழுக்குத் தேர்ந்தவர்களை நான் பலமுறை நன்றியோடு நினைத்திருக்கிறேன். சூரியன் உதிக்கிறது என்கிறோம். ஒளி சூரியனிலிருந்துதான் வருகிறது, ஆனாலும் ஒளியே இல்லாத சூரியன் ஒருநாள் இருந்து பிறகு ஒளியைப் பெற்றதாக யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். சூரியன் இருக்கும்போதே ஒளியும் இருக்கிறது. ஆரியுவை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடிய அத்தனாசியுவும் இந்த ஒளி உவமையைத்தான் பிடித்துக்கொண்டார். தந்தை எப்போதும் தந்தை. மகன் இல்லாமல் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. தோழியிடம் இதைச் சொல்லுங்கள். அவர் ஏற்கிறாரோ இல்லையோ, நாம் எதை நம்புகிறோம் என்பதாவது அவருக்குத் தெளிவாகும். வாதாட வேண்டாம்.

(திருவருகை வளையத்தில் ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து இன்னொன்றை ஏற்றிக் காட்டி இதை விளக்குகிறவர்கள் உண்டு. முதல் திரியின் ஒளி குறையவில்லை என்று காட்ட அது நல்லது. ஆனால் கடைசியில் இரண்டு சுடர் தனித்தனியாக நிற்கும், பிள்ளைகள் இரண்டு கடவுள் என்று எண்ணிவிடுவார்கள். சூரியனும் வெளிச்சமுமே போதும்.)

ஆகவே, இயேசு ஒருவர்தான் இயல்பிலேயே கடவுளின் மகன் என்று ஆசிரியை சொன்னதில் தவறில்லை. உயிர்த்த பிறகு மகதலா மரியாவிடம் இயேசுவே "என் தந்தையும் உங்கள் தந்தையும்" என்று பிரித்துத்தான் சொன்னார். சறுக்கல் நடந்தது 'தத்து' என்ற சொல்லில். நம் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லும்போதே ஒரு இறக்கம் ஒட்டிக்கொள்கிறது. "என்ன இருந்தாலும் எடுத்து வளர்த்ததுதானே" என்று எத்தனை வீடுகளில் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த வகுப்பு சிரித்தது இதைப் பற்றித் திருத்தூதர் பவுல் எழுதியதைக் கேட்டு இல்லை, நம் திண்ணைப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால்தான்.

பவுல் எழுதியதைப் பார்ப்போம். கலாத்தியர் 4ஆம் அதிகாரத்தில், காலம் நிறைவேறியபோது கடவுள் தம் மகனைப் பெண்ணிடம் பிறந்தவராக அனுப்பினார், நம்மை மீட்டுத் தம் பிள்ளைகள் ஆக்கவே அனுப்பினார் என்கிறார். நாம் காத்திருக்கும் கிறிஸ்து பிறப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. பழைய திருவிவிலிய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'புத்திரசுவிகாரம்' என்று இருக்கும், உங்கள் பாட்டி காலத்தவர்களுக்குத் தெரியும். சுவிகாரம் என்றால் தன்னுடையதாக ஆக்கிக்கொள்வது. 'எடுத்து வளர்ப்பது' என்பதைவிட எவ்வளவு நேரான சொல்!

பவுலின் வாசகர்களுக்கு இது புதிர் இல்லை. அவர்கள் உரோமை ஆட்சியில் வாழ்ந்தவர்கள். உரோமைச் சட்டப்படி சுவிகாரம் செய்யப்பட்டவர் முழு வாரிசு, பெயரும் சொத்தும் அவருக்கே. இயேசு பிறந்தபோது கணக்கெடுக்க ஆணையிட்ட அகுஸ்து சீசரே ஜூலியஸ் சீசர் தன் உயிலில் மகனாக ஏற்றுக்கொண்டவர்தான். ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட பிறகு, ஆட்சியில் இருந்தவர்கள் அவரைத் தெய்வமாக்கினார்கள். அதைக் கொண்டு அகுஸ்து தன் நாணயங்களில் 'தெய்வத்தின் மகன்' என்று பொறித்துக்கொண்டார். அகுஸ்துவுக்குப் பின் வந்த திபேரியுவும் சுவிகார மகன்தான். பேரரசையே கையில் கொடுத்த உறவை இரண்டாந்தரம் என்று அன்றைய உரோமையில் யார் சொல்லியிருப்பார்கள்? அந்தச் சொல்லை எடுத்துத்தான் பவுல், நீங்கள் இனி அடிமைகள் இல்லை, பிள்ளைகள், பிள்ளைகளானால் உரிமைப்பேறு உடையவர்கள் என்றார்.

நம் நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதில் ஒரு வலி இருந்தது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கானது. கிறிஸ்தவர்களுக்கு வெகுகாலம் 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம் மட்டுமே வழி. அதில் நீங்கள் பாதுகாவலர்தான், பெற்றோர் ஆக முடியாது. பிள்ளைக்கு வயது வந்ததும் சட்டத்தின் கண்ணில் அந்த உறவு முடிந்துவிடும். 'எடுத்து வளர்த்தது' என்ற பேச்சு நம்மிடையே இன்னும் தங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். பின்னால் வந்த இளைஞர் நீதிச் சட்டம்தான் எல்லா மதத்தவருக்கும் கதவைத் திறந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை அந்தப் பெற்றோருக்கே பிறந்த பிள்ளையாக எல்லா வகையிலும் கருதப்படும் என்கிறது. உங்கள் கையில் இருக்கும் ஆணை அதைத்தான் சொல்கிறது. நாட்டின் சட்டமே இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது, கடவுள் செய்யும் சுவிகாரத்தை நாம் அதைவிடக் குறைவாக நினைக்கலாமா?

திருப்பலியில் காணிக்கையின்போது நாங்கள் கிண்ணத்தில் திராட்சை இரசம் ஊற்றி, அதில் சில துளி தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது மெதுவாக ஒரு செபம் சொல்வோம், பின்வரிசைக்குக் கேட்காது. கிறிஸ்து நம் மனித இயல்பில் பங்குகொண்டார், நாமும் அவருடைய இறை இயல்பில் பங்குபெற வேண்டும் என்பது அதன் பொருள். மிகப் பழைய கிறிஸ்து பிறப்பு விழாச் செபம் ஒன்றிலிருந்து வந்தது அது. இரசத்தில் விழுந்த துளியை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. கடவுள் நம்மைப் பிள்ளைகளாக ஏற்பதும் இப்படித்தான்: வாசலில் தனி இடம் ஒதுக்கவில்லை, தம் மகன் நிற்கிற இடத்துக்குள்ளேயே நம்மைச் சேர்த்துக்கொள்கிறார். எபிரேயர் திருமுகம், நம்மைச் சகோதரர் சகோதரிகள் என்று அழைக்க இயேசு வெட்கப்படவில்லை என்கிறது. அந்த வகுப்பில் வெட்கப்பட்டுக் குனிந்த பிள்ளைக்கு இந்த வசனத்தைப் படித்துக் காட்டுங்கள்.

இனி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். சூசையப்பர், அதாவது மரியாவின் கணவர் யோசேப்பு.

மத்தேயு தன் நற்செய்தியை ஒரு நீண்ட வம்ச வரிசையோடு தொடங்குகிறார். டிசம்பர் 17 அன்று பீடத்தில் அதைப் படிக்கும்போது பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ஆபிரகாமிலிருந்து தாவீது வழியாக வரிசை இறங்கி வருகிறது, இன்னாரின் மகன் இன்னார் என்று. யோசேப்பிடம் வந்ததும் நடை மாறுகிறது. யோசேப்பு 'மரியாவின் கணவர்', மரியாவிடம் பிறந்தவரே இயேசு. இரத்த வழி அங்கே நின்றுவிட்டது. ஆனாலும் இயேசு தாவீதின் மகன் என்பதில் மத்தேயுவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. எப்படி? மறுநாள், டிசம்பர் 18 நற்செய்தியில் விடை இருக்கிறது. "தாவீதின் மகனே யோசேப்பே, அஞ்ச வேண்டாம்" என்கிறார் தூதர். மரியாவை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார், குழந்தைக்குப் பெயரிடச் சொல்கிறார். தூக்கத்திலிருந்து எழுந்த யோசேப்பு அப்படியே செய்தார். யூதர்களிடையே ஒரு குழந்தைக்குத் தகப்பன் பெயரிட்டால், இது என் பிள்ளை என்று ஊரறியச் சொல்வதாகும். அந்த ஏற்பின் வழியாகத்தான் தாவீதுக்குக் கொடுத்த வாக்குறுதி இயேசுவிடம் வந்து சேர்ந்ததாக மத்தேயு காட்டுகிறார்.

உலகத்தை மீட்க வந்தவர் தன் வம்சத்தை ஒரு தந்தையின் ஏற்பிலிருந்து பெற்றுக்கொண்டார். இதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது. 'வளர்ப்புத் தந்தை' என்று நாம் எத்தனை சொன்னாலும் தமிழ் மக்கள் அவரை அழைக்கிற பெயரிலேயே அப்பர் இருக்கிறார். மரியாவும் அப்படியே அழைத்தார். பன்னிரண்டு வயது இயேசுவைக் கோவிலில் கண்டபோது "உன் தந்தையும் நானும் தேடிக்கொண்டிருந்தோமே" என்றார். இயேசுவோ விண்ணகத் தந்தையைச் சொல்லிப் பதில் தந்தார். பிறகு அவர்களோடு நாசரேத்துக்குப் போய்க் கீழ்ப்படிந்து நடந்தார். இரண்டு உண்மையும் ஒரே பிள்ளையிடம் மோதாமல் இருந்தன. உங்கள் மகளும் தன்னைப் பெற்றவரைப் பற்றி ஒருநாள் கேட்பாள். அன்று இந்தப் பக்கம் உங்களுக்கு உதவும்.

ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் "இயேசுவையும் கடவுள் தத்தெடுத்தார்" என்று சொல்லிவிடாதீர்கள். இயேசு சாதாரண மனிதராக இருந்து பின்னால் மகனாக்கப்பட்டார் என்ற கருத்து பழைய காலத்திலேயே எழுந்தது, திருச்சபை அதை ஏற்கவில்லை. "இயேசுவுக்கும் பெறாத ஒரு அப்பா இருந்தார், மரியாவே அவரை இயேசுவிடம் 'உன் தந்தை' என்றுதான் சொன்னார்" என்று சொல்லுங்கள். அது சரி.

அப்புறம் இன்னொன்று. அந்த இரவு அவள் கடவுளைப் பற்றி மட்டும்தான் கேட்டாளா? ஒன்பது வயதுப் பிள்ளைகள் பெரிய பயத்தை இன்னொருவர் பெயரில் வைத்துக் கேட்பார்கள். "உங்களுக்கு ஒரு பாப்பா பிறந்திருந்தால் அதைத்தான் ரொம்பப் பிடிக்குமா?" என்ற கேள்வி அதன் அடியில் இருக்கலாம். நீங்களாக அதை எடுத்து நீட்ட வேண்டாம். அவள் பேச வந்தால், நான் மேலே எழுதிய எதையும் கொட்டாமல் முழுக்கக் கேளுங்கள். "கடவுள் எங்களுக்கென்றே உன்னைத் தந்தார், நீ ஸ்பெஷல்" என்று அடிக்கடி சொல்வதையும் குறைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் நன்றியோடு இருக்க வேண்டிய பாரத்தை அது பிள்ளையின் தலையில் ஏற்றிவிடும். சொந்தப் பிள்ளை அடம் பிடிக்கும், கதவை அறையும், சாப்பிட மாட்டேன் என்னும். அவளுக்கும் அந்த உரிமை இருக்கிறது.

ஆசிரியையிடம் தனியாகப் பேசுங்கள். நடந்ததைச் சொன்னாலே போதும், அவர் மனம் வருந்துவார் என்றே நம்புகிறேன். டிசம்பர் 18ஐ ஒட்டி வரும் வகுப்பில் சூசையப்பர் பெயரிட்டதைப் பற்றி அவரையே பாடம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளின் பெயரை அதில் இழுக்க வேண்டாம். அப்படிக் கேட்ட பையனைக் கண்டிக்கவும் வேண்டாம்.

வீட்டில் குடில் கட்டும்போது சூசையப்பர் சுரூபத்தை உங்கள் மகள் கையில் கொடுங்கள், எங்கே நிறுத்துவது என்று அவளே முடிவு செய்யட்டும். நம் குடில்களில் அவரைப் பெரும்பாலும் ஓரமாகத் தள்ளிவிடுகிறோம். அவள் குழந்தை இயேசுவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாலும் வைப்பாள். அன்றைக்கே அவளுடைய ஞானஸ்நான போட்டோக்களை எடுங்கள். தண்ணீர் ஊற்றி அவளையும் கடவுளின் மகளாக்கிய நாள் அது. பெயரைக் கேட்டபோது நீங்கள் இருவரும்தானே சொன்னீர்கள்? அந்தப் பெயரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், அதற்கு முன்னால் வேறு என்னென்ன பெயரெல்லாம் யோசித்தீர்கள், முதலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று அவள் அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள்.